ஹம்மாத் நட்ட குச்சி

நாளைக் காலையில் சென்னையில் மாநில கோல்ஃப் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். என் பந்தோ ஒவ்வொன்றும் கோணிக்கொண்டு புளியமரத்துக்குள் போய் விழுகிறது. எல்லாம் என் அண்ணன் ஹம்மாத் செய்த வேலை.

வாணியம்பாடியில் பழக இடமில்லை என்று ஜவ்வாது மலையிலிருக்கும் எங்கள் நிலத்துக்குக் கூட்டிவந்தான். செல்போனில் ஏதோ வீடியோ பார்த்து, எனக்குப் பின்னால் ஒரு மூங்கில் குச்சியைச் சாய்வாக நட்டான். ஓங்கிய மட்டை அந்தக் குச்சியின் சாய்வுக்குக் கீழேயே இறங்கி வர வேண்டுமாம். என் மட்டை ஒவ்வொரு தடவையும் குச்சியில் இடித்தது.

"கோடாலி மாதிரி மேலேர்ந்து வெட்டுற காஷிஃபா. சாய்ச்சு எறக்கு!"

"தரை சரியில்லணா. பந்து வெச்சா உருண்டு ஓடுது பாரு."

"உனுக்கு எப்பவும் ஒரு சாக்கு. வாய மூடிக்கினு அடி."

ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு அடித்தேன். குச்சிக்குப் பயந்தே, நன்றாக இருந்த என் வீச்சை மாற்றிக்கொண்டேன். இன்று மதியம் தண்ணீர் பாட்டில் சாய்ந்தது. கொட்டிய தண்ணீர் என் காலடியிலிருந்து பந்தைத் தாண்டிக் குடுகுடுவென்று கீழே ஓடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிற்கிற இடத்தைவிடப் பந்து பள்ளத்தில் இருந்தால், மட்டை நிமிர்ந்துதான் இறங்கும். சமதரைக்குப் பார்த்த சாய்வை இந்த மடையன் சரிவில் நட்டு வைத்திருக்கிறான்! நாளைக்கு ஆடப்போவது சமதரையில்.

மட்டையையும் பந்து வைத்து அடிக்கும் புல்விரிப்பையும் தூக்கிக்கொண்டு பக்கத்து நிலத்துக் கோபால்சாமியின் களத்துக்கு நடந்தேன். சாமை அள்ளியாகிவிட்டது, சிமெண்டுத் தரை காலியாகக் கிடந்தது. பின்னாலேயே குச்சியோடு வந்தான் ஹம்மாத்.

"சிமெண்டுல எப்பிடிடி நடறது?"

"நட வேணாம். அதே எடத்துல நீ புடிச்சிக்கினு நில்லு."

"இன்னா வெளாட்றியா? மட்டை பட்டா கை போய்டும்!"

"என் ஒரு வாரம் போச்சே, அது பரவால்லயா? புடிணா!"

நான் கத்திய கத்தலில் பிடித்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். அவன் சொன்னதையெல்லாம் தலையைவிட்டுத் துரத்தினேன். என் பழைய வீச்சையே வீசினேன். மட்டை குச்சியை உரசாமல் இறங்கியது. பந்து நூல் பிடித்தாற்போல் எதிர்மேட்டில் போய் விழுந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

கண்ணைத் திறந்து பந்தைப் பார்த்தவன் சொல்கிறான்:

"பாத்தியா? நம்ம குச்சி இருந்தாதான் உனுக்கு நேரா வருது!"

நான் இன்னொரு பந்தை எடுத்து வைத்தேன்.

"கைய எடுக்காத," என்றேன்.