உயரத்துக்குப் பயந்த விமானம்

செல்வக்குமாரின் விமானத்துக்கு உயரம் என்றால் பயம். இதைக் கண்டுபிடிக்க மூன்று வருடம் பிடித்தது. 2003இல் தன் பனியன் கம்பெனியில் துணி வாங்கும் ஹாலந்து வியாபாரி ஒருவரிடம் அதை விலைபேசி, இறக்கைகளைக் கழற்றிக் கண்டெய்னரில் ஏற்றி, தூத்துக்குடி வழியாகப் பொங்கலூர்த் தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது இப்படியொரு சீக்கு இருப்பதாக யாரும் சொல்லவில்லை. இரண்டு பேர் உட்காரும் வெள்ளை விமானம். சோளக்காட்டைச் சமப்படுத்தி ஓடுபாதை போட்டார்கள்; அதற்கு அனுமதி வாங்கிய கதையை ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது. காலியாகக் கிடந்த கோழிப்பண்ணைக் கொட்டகையில் விமானம் குடியேறியது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தவர்களெல்லாம் அப்போது காரை மாற்றுவதில் போட்டி போட்டுக்கொண்டிருக்க, செல்வக்குமார் பெங்களூருக்குப் போய் விமானம் ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கிவந்து எல்லார் வாயையும் ஒரேயடியாக அடைத்தார். பயிற்சியில் மேலே போகும்போதெல்லாம் உள்ளங்கை வியர்த்துக் கால் நடுங்கியதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை, மனைவி சித்ரகலாவிடம்கூட.

விமானம் தரையில் தங்கமாக ஓடியது. வேகம் பிடித்து முன்சக்கரம் ஒரு சாண் எழும்பியதும் எஞ்சின் இருமும், நடுங்கும், அணைந்துவிடும். நல்லூர்க்காரரான பிரபாகர் பெங்களூரில் விமானப் பட்டறை ஒன்றில் எஞ்சினியர். ஊருக்கு வரும்போதெல்லாம் பொங்கலூருக்கும் வந்து பார்த்தார். பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டினார், டேங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று வடித்துப் பார்த்தார். ஒருமுறை பெட்ரோல் ஃபில்டரில் பஞ்சு அடைத்திருந்தது. தோட்டத்து ஆட்கள் டேங்கின் உள்பக்கத்தைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்திருக்கிறார்கள். திருப்பூரில் எதைத் துடைப்பதற்கும் வேறு துணி தேட யாருக்கும் தோன்றாது. நோய் பிடிபட்டது என்று அன்றைக்கு எல்லாருக்கும் பிரியாணி போட்டார் செல்வக்குமார். பஞ்சை எடுத்த பிறகும் அதே ஒரு சாணில் அதே இருமல் வந்தது. கடைசியில் பிரபாகருக்குச் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. கிரேன் வைத்து விமானத்தைச் சும்மா தூக்கிப் பார்த்தார். எஞ்சின் ஓடாமலே உடம்பெல்லாம் ஆயில் வியர்த்தது. அதையே பக்கத்தில் கல் வெட்டியெடுத்த பாறைக்குழிக்குள் இறக்கி ஓட்டினார். எஞ்சின் அவ்வளவு சுகமாகப் பாடி அவர் கேட்டதேயில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்தவர், ஆயில் மாற்றவேண்டும் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்: "மிஷின்ல ஃபால்ட் ஒண்ணும் இல்லீங்க. அதுக்கு மேல போறதுன்னாப் பயமுங்க."

செல்வக்குமார் ஆச்சரியப்படவில்லை, ஹாலந்துக்காரரிடம் கிளைம் கேட்க முடியுமா என்றுதான் யோசித்தார். போனில் கேட்டதற்கு, எங்கள் ஊர் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, இங்கே அந்தத் தொந்தரவு வந்ததில்லை என்று அவர் மரியாதையாகச் சொல்லிவிட்டார். விஷயம் இத்தோடு போயிருக்கும். ஆனால் அடுத்த தை மாதம் குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். பங்காளிகள் கூட்டத்தில், கலசத்துக்குத் தீர்த்தம் ஊற்றும்போது வானத்திலிருந்து பூப்போட வாடகைக்கு ஹெலிகாப்டர் பிடிக்கலாமா என்று பேச்சு வந்தது. தறி வைத்திருக்கும் பெரிய பங்காளி ஆத்தப்பன், நம்ம தம்பியே பிளேன் வைத்திருக்கும்போது வாடகை எதற்கு என்று ஆரம்பித்துவிட்டு, எல்லாரும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகக் கேட்டார்: "ஆமா, பயம் பிளேனுக்கா, தம்பிக்கா?" கூட்டம் சிரித்தது. செல்வக்குமார் எழுந்து, தானே ஓட்டிக்கொண்டுபோய்ப் பூப்போடுவதாகச் சாமி முன்னால் வாக்குக் கொடுத்தார்.

ஐப்பசிக்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குத் திருப்பூரில் பொட்டு வாங்காத இயந்திரம் கிடையாது. தையல் மிஷின், கம்ப்யூட்டர், கம்பெனி வேன், கால்குலேட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. கம்பெனிப் பூஜையை முடித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்த சித்ரகலா, விமானத்துக்கு நெற்றி எது என்று சுற்றிச்சுற்றிப் பார்த்தார். உடம்பின் இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு துளை, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ பொடி எழுத்து. செய்தவனே பொட்டுக்கு இடம் விட்டிருக்கிறான் என்று நினைத்து இரண்டிலும் கெட்டியாகச் சந்தனம் அப்பினார். உயரம் காட்டுகிற மீட்டர் காற்றை மோந்து பார்ப்பது அந்தத் துளைகள் வழியாகத்தான். அவற்றை அடைக்காதே என்றுதான் அங்கே எழுதியிருந்தது. மறுநாள் ஓட்டிப் பார்த்தபோது முன்சக்கரம் எழும்பியது, எஞ்சின் இருமவில்லை. பாதை முடிந்ததால்தான் நிறுத்தினார்கள். பிரபாகர் சந்தனத்தைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அது அசையாததால் தான் இன்னும் தரையில் இருப்பதாகவே விமானம் நினைத்துக்கொள்கிறது என்றார். துடைத்துவிடுவது முறை என்றும் சொன்னார். செல்வக்குமார் துடைக்க விடவில்லை.

தை மாதம் கும்பாபிஷேகத்தன்று சித்ரகலா புதுச் சந்தனம் வைத்து, மடியில் பூக்கூடையோடு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். விமானம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. செல்வக்குமார் கீழே பார்க்காமலே ஓட்டினார். கோயிலுக்கு மேலே வந்ததும் சித்ரகலா பூவைக் கொட்டினார். அது கலசத்தின்மேலேயே விழுந்தது. வாக்கு நிறைவேறிவிட்டது. பிறகு இறங்கலாம் என்று மூக்கைத் தாழ்த்தினால், விமானம் இறங்க மறுத்தது. தரையில் இருக்கிறவன் மண்ணுக்குள் எதற்குப் போகவேண்டும் என்பது அதன் எண்ணம். எஞ்சினைக் குறைத்தார். கொட்டகையில் நிற்பதுபோல அங்கேயே, கோபுரத்துக்கு நேர் மேலே ஆகாயத்தில் நின்றுகொண்டது. கருடன் வருகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக இல்லை. கருடனும் வந்தது; மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு இறக்கையின்மேல் உட்கார்ந்து இளைப்பாறியது. கீழே குலவை போட்டார்கள்.

பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டே வந்தது. துளை அடைத்துக்கொண்டால் மீட்டர் கண்ணாடியை உடைத்துக் காற்று விடவேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் இவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று திடீரெனத் தெரிந்தால் இந்தப் பிராணி என்ன ஆகும் என்பது செல்வக்குமாருக்கு நன்றாகத் தெரியும். அதே பயத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவர் மூன்று வருடம் திரிந்திருக்கிறார். முதலில் அதனிடம் உண்மையைச் சொல்லியாகவேண்டும். சொன்னால் பக்கத்தில் இருக்கிறவளுக்கும் கேட்கும். அவமானத்தில் காது சிவக்க, மீட்டருக்கு அருகில் குனிந்தார்.

"கண்ணு, நாம தரையில இல்ல. வெகு ஒசரத்துல இருக்கறம். எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஏறுன நாள்ல இருந்தே பயந்தான். ரெண்டு பேரும் பைய எறங்கிரலாம், வா."

சித்ரகலா கூடையில் ஒட்டியிருந்த இதழ்களைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியுமுங்க. மொட்டைமாடில துணி காயப்போடக்கூட நீங்க வந்ததில்லையே."

செல்வக்குமாருக்கு அழுகை வந்தது, அழுதார். பூக்கூடைக்கு மூடியாக இருந்த பித்தளைத் தட்டின் விளிம்பால் மீட்டர் கண்ணாடியை உடைத்தார். முள் துள்ளி ஏறியது. விமானம் ஒருமுறை உடம்பு முழுக்க நடுங்கியது, ஆனால் அணையவில்லை. கருடன் எழுந்து வழிவிட்டது. நடுங்கிக்கொண்டேதான் பொங்கலூர் வரைக்கும் வந்து, ஓடுபாதையில் சக்கரம் பட்டதும் நின்ற இடத்தில் ஆயிலைக் கொட்டியது.

அதன்பிறகு சந்தனம் மூக்கில் மட்டும் வைக்கப்பட்டது. புது மீட்டர் மாட்டிய பிரபாகர், கிளம்புமுன் பார்க்கவேண்டியவற்றில் ஒன்றைக் கூட்டினார்: ஆயில் அளவு, டேங்குத் தண்ணீர், டயர் காற்று, அப்புறம் ஓட்டுகிறவர் தன் பயத்தைச் சொல்லிவிடுவது. சொன்னால் ஏறும். மற்ற கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டுப் போனார்கள். மாசி பிறந்ததும் ஆத்தப்பன் வந்து, தானும் ஒரு சுற்றுப் போகவேண்டும் என்றார். எனக்கென்ன பயம் என்று சிரித்துக்கொண்டே பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். செல்வக்குமார் தன் பங்கைச் சொல்லிவிட்டு ஓட்டினார். ஒரு சாணில் எஞ்சின் இருமி அணைந்தது. திரும்ப ஓட்டினார், திரும்பவும் அணைந்தது. ஆத்தப்பன் கொட்டகையைப் பார்த்தார், பிரபாகரைப் பார்த்தார், வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பிறகு மீட்டர் பக்கம் தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் எதையோ முணுமுணுத்தார். செல்வக்குமார் வெளியே சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் ஏறியது.