பொன்னியே

அந்த உண்ணியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கடுகுக்குப் பக்கத்தில் வைத்தால் கடுகு பூசணிக்காய். இத்தனூண்டு ஜீவனுக்காக நான் இரண்டு அதிகாரிகளோடு சண்டை போட்டேன். இன்றைக்கு வந்தாலும் போடுவேன்.

நாய் மேல் ஒட்டுகிற உண்ணிக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம். யாரையும் கடிக்காது. மக்கின இலையைத் தின்றுவிட்டு மண்ணுக்குள் தன் பாட்டுக்குக் கிடக்கும். டெல்லியில் ஒரு அரசு ஆய்வுக்கூடத்தில் இவற்றைப் பிடித்து வரைவதுதான் என் உத்தியோகம்.

எழுபத்து நாலு ஆகஸ்டில், ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், சாக்கடை நாலாவை ஒட்டியிருந்த ஜுக்கிக் குடிசைகளுக்கு மண் எடுக்கப் போனேன். எண்பத்தேழாம் குடிசைக்காரி பொன்னி. விழுப்புரம் பக்கம், கட்டட வேலையில் செங்கல் சுமப்பவள். அவள் வாசலில் டீத்தூளும் வேப்பிலையும் மக்கிக் கிடந்தன.

"மண்ணுதான வேணும்? நானே அள்ளித் தரேன். நீ குழி பறிச்சன்னா மழைத்தண்ணி உள்ள வந்துடும்," என்று பாண்டுச் சட்டியில் அள்ளிக் கொடுத்தாள். எனக்குப் பூச்சியம்மா என்று பெயரும் வைத்தாள்.

"பூச்சிக்கு ஆறு கால் பொன்னி. இதுக்கு எட்டு."

"எத்தினி கால் இருந்தா என்னா? மிதிச்சா சாவுது."

மண்ணைப் புனலில் போட்டு மேலே பல்பைத் தொங்கவிட்டால், சூடு தாங்காமல் உள்ளே இருப்பதெல்லாம் கீழே இறங்கி ஸ்பிரிட் புட்டியில் விழும். விழுந்ததில் ஒன்றுக்கு முதுகில் பதினோரு ஜோடி முடி. அதன் உறவுக்காரர்களுக்கெல்லாம் பத்துதான். இரண்டு வருஷம் பார்த்தேன், வரைந்தேன், வெளிநாட்டுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கேட்டேன். யாரிடமும் இல்லை. புது இனம்.

புது இனத்துக்கு லத்தீனில் பெயர் வைக்கிற சடங்கில், பெண்ணின் பெயரை வைத்தால் கடைசியில் ஒரு 'ஏ' சேர்க்க வேண்டும். பொன்னியே. லத்தீன்காரன் என்ன நினைத்துச் செய்தானோ, நம் காதுக்கு 'இவள்தான், வேறு யாருமில்லை' என்று கேட்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று.

எமர்ஜென்சி காலம்; கட்டுரையை டைப் அடித்த மாதம் புல்டோசர் வந்தது. ஒரே காலையில் நாலா ஓரம் வெட்டவெளி ஆயிற்று. சனங்களை லாரியில் ஏற்றி யமுனைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். பத்து நாள் கழித்துப் பொன்னி எங்கள் வீட்டு வாசலில் நின்றாள்.

"எழுபத்தஞ்சுக்கு முன்னாடியே அங்க இருந்தேன்னு காட்டுனாத்தான் இடம் குடுப்பாங்களாம். ரேசன் கார்டு இல்ல. மலேரியாக்காரன் கதவுல தேதி எழுதிட்டுப் போனான், கதவே போயிருச்சு. அச்சடிச்ச காயிதமா வேணுமாம். மார்ச்சு வரைக்கும் டயம் குடுத்திருக்கான். நான் எங்க போவேன், பூச்சியம்மா?"

அச்சில் வரப்போகிற ஒரு காகிதம் என்னிடம் இருந்தது. புது இனத்தை எங்கே, எந்தத் தேதியில், யார் எடுத்தது என்று எழுதியே ஆக வேண்டும். நான் எழுதியிருந்தேன்: ஆர்.கே.புரம், நாலா ஓரம், ஜுக்கி எண் 87இன் வாசல். 12 ஆகஸ்ட் 1974. எடுத்தவர், அங்கே வசிக்கும் பொன்னி.

எங்கள் பிரிவுத் தலைவர் கஸ்தூரிரங்கன் அந்த வரியில்தான் சிவப்புப் பென்சிலை வைத்தார். அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்ததே இல்லை. கட்டுரையில் முதல் பெயர் அவருடையது.

"ஜுக்கிங்கறதை எடுத்துடும்மா. 'டெல்லி, தோட்டம்'னு போட்டா போறும்."

"தோட்டத்துல எடுக்கலையே சார்."

"இப்போ அங்க ஜுக்கியே கிடையாது. மேலிடத்துல கேட்டா எப்பவுமே இருந்ததில்லைம்பா. இல்லாத இடத்தை எப்படி எழுதறது?"

"நான் மண் எடுத்த அன்னிக்கு இருந்தது."

"காலம் கெட்டுக் கிடக்கு விஜயலக்ஷ்மி. உன் கன்ஃபர்மேஷன் ஃபைல் என் மேஜையில இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ."

பயமாகத்தான் இருந்தது. உத்தியோகம் போனால் அப்பாவின் பென்ஷனில் எத்தனை பேர் சாப்பிடுவது? ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிசாக இருந்தது. ஒரு உண்ணியின் முதுகு முடியில் ஒன்று குறைத்துச் சொன்னால் தலையை வாங்குகிற மனுஷர், முந்நூறு வீடுகளைக் குறைக்கச் சொல்கிறார்!

"இருக்கட்டும் சார். மாத்த மாட்டேன்."

"அப்படின்னா என் பேரை எடுத்துடு!"

"எடுத்துடறேன் சார்."

அவர் வாய் திறந்தபடி நின்றது. மிரட்டுகிறவர்கள் 'சரி' என்ற பதிலை எதிர்பார்ப்பதே இல்லை. அன்று மாலையே கட்டுரையை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பிப்ரவரியில் அச்சாகி வந்தது, என் ஒருத்தி பெயரோடு. என் ஃபைல் அவர் மேஜையிலேயே தூங்கியது. தூங்கட்டும்.

அச்சான புத்தகத்தோடு பொன்னியை அழைத்துக்கொண்டு யமுனைக்கு அந்தப் பக்கத்து ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா பாபு பக்கத்தைப் புரட்டி உண்ணியின் படத்தில் நின்றார்.

"யே க்யா? கீடா?" என்று சிரித்தார். பூச்சியைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருக்கிறாள் என்று பக்கத்து மேஜைக்கும் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் என் ஹிந்தி கூடச் சரளமாயிற்று. "அச்சு கேட்டீர்கள், இதோ அச்சு. தேதி கேட்டீர்கள், இதோ தேதி. இந்தப் புத்தகம் லண்டன் வரைக்கும் போயிருக்கிறது. பொய் என்றால் உங்கள் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள். அங்கேயும் அனுப்புகிறேன்."

பாபு பேனாவை மூடினார். பிறகு வேறு கேள்வி கேட்டார். இதில் இருக்கிற பொன்னி இவள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

நான் புத்தகத்தை என் பக்கம் திருப்பி, எடுத்தவர் பெயரிருந்த வரியைத் தேடினேன்.

"என்னா கேக்கறான்?" என்றாள் பொன்னி. சொன்னேன். "இதுல என் பேரு எங்க இருக்குது? படி."

படத்துக்குக் கீழே விரலை வைத்துப் படித்தேன். "பொன்னியே."

"ஆங், பொன்னியே!" என்று மேஜையில் அறைந்தாள். மைப் பெட்டியில் கட்டை விரலை அழுத்தி, அந்த உண்ணிக்குப் பக்கத்திலேயே பதித்தாள். "பொன்னியேதான். இப்ப எழுது. எழுதுற வரைக்கும் இங்கதான் இருப்பேன்." பாபுவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் புடவையைச் சொருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு முத்திரை விழுந்தது.

இடத்துக்கான துண்டுச்சீட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தவள், பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"மிதிச்சும் சாவல பாரு, பூச்சியம்மா."