அல்ஜியர்ஸ் மணிக்கு ஓடிய தையல்கடைகள்

ஃபெஸ் நகரத்தின் புதுப் பகுதியில், பல் மருத்துவமனை ஒன்றின் மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. மிலூத் ஒரு கட்சி, நுஹைலா இன்னொரு கட்சி. மிலூத் வலைத்தளம் கட்டினால் பி.எச்.பி. என்ற கணினி மொழியில் ஒவ்வொரு வரியையும் தன் கையாலேயே எழுதுவார். நுஹைலாவுக்கு லாராவெல் என்ற ஆயத்தச் சட்டகம் போதும். கதவு, பூட்டு, தபால்காரன் எல்லாம் அதிலேயே இருக்கிறது, நாம் குடிபுக வேண்டியதுதான் என்பாள்.

"குடிபோறது சரி தங்கச்சி. சுவத்துக்குள்ள எந்தக் கம்பி எங்க ஓடுதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"ஒங்க வீட்டுல கம்பியெல்லாம் வெளியவே தொங்குதே அண்ணே. அதுக்கு இது தேவல."

அந்தத் திங்கட்கிழமை காலை மட்டும் அவள் அந்த வாதத்துக்குப் போகவில்லை. பழைய நகரத்துத் தையல்கடைகள் முப்பதுக்கும், அளவு கொடுக்க முறை பதியும் தளத்தை அவள் தனியாளாகக் கட்டியிருந்தாள். பெருநாளுக்குப் போடும் ஜெல்லாபா அங்கிக்கு நோன்பு தொடங்கும் முன்பே அளவு கொடுத்தாக வேண்டும் என்பதால் கூட்டம் அலைமோதும் நேரம். தளத்தை வைத்துக்கொள்வதா, பழையபடி நோட்டுப் புத்தகமா என்று தையல்காரர்களின் தலைவர், எல்லாரும் மஅல்லெம் என்று மரியாதையாக அழைக்கும் பென்னிஸ், அன்று நண்பகலில் முடிவு சொல்வதாக இருந்தது. வேண்டாமென்றால், முதலாளி அவளை மிலூதின் பழைய தளங்களுக்கு ஒட்டுப்போட அனுப்பிவிடுவார். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

ஒன்பதே காலுக்கு மஅல்லெமே தொலைபேசியில் வந்தார்.

"என்னம்மா நடக்குது? கட தெறக்கவே பத்தாகும். சந்து முழுக்கப் பொம்பளைங்க நிக்கிறாங்க. 'இன்னும் அரை மணியில் உங்கள் முறை'ன்னு சேதி வந்துச்சாம். என்னைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பிட்டாங்க."

நுஹைலா தளத்தின் கோப்புகளைத் திறந்து தேடினாள். முந்தின நாள் ஞாயிறு, நோன்பை முன்னிட்டு வருடா வருடம் செய்வதுபோல நாடே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளியிருந்தது. ஞாயிறன்று அளவு எடுப்பதில்லை, அதனால் தளம் மட்டும் தள்ளவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. நேரத்துக்கான ஒற்றை வரியைத் திறந்தாள். எந்த ஊர் மணிக்குத் தளம் ஓட வேண்டும் என்ற இடத்தில் அல்ஜியர்ஸ் என்று இருந்தது. போன வருடம் ஓர் அல்ஜீரிய வாடிக்கையாளருக்குச் செய்த கோப்பை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். வருடம் முழுக்க இரண்டு நாட்டுக்கும் ஒரே மணிதான். இந்த ஒரு மாதம்தான் வேறு.

மிலூத் எட்டிப் பார்த்தார். "நம்மூரு தையக்காரனை அல்ஜியர்ஸ் மணிக்கு ஓடவிட்ட ஒரே ஆளு நீதான். பாத்தியா, ஒன் சட்டகம் ஒரு வார்த்த சொல்லல."

உண்மைதான். சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தப்பையும் அது மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்திருந்தது. ஆனால் ஊர்ப் பெயரை, தங்கள் நாட்டு நேரத்துக்குரிய காசாபிளாங்கா என்று மாற்றியதும் தளம் முழுக்கச் சரியாகிவிட்டது. மிலூதோ, தன் தளங்களில் கையால் கூட்டி வைத்த ஒரு மணியை எடுத்துவிட நேற்றிலிருந்து இடம் இடமாகத் தேடிக்கொண்டிருந்தார். பதினேழு இடத்தில் பதினாறுதான் அகப்பட்டிருந்தது.

"சர்வர் கோளாறுன்னு சொல்லிடு. அவருக்கென்ன தெரியப்போவுது," என்றார் இரக்கத்தோடு.

மஅல்லெமின் கடைக்கு டாக்சியில் போகும்போது அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கடை வாசலில் மஅல்லெமின் நரைத்த புருவத்தைப் பார்த்ததும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தப்பு என்னோடதுதான் மஅல்லெம். அல்ஜியர்ஸ் நேரத்தப் போட்டுட்டேன். இப்ப சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ணிட்டியா?" அவர் முகம் வாடிவிட்டது. "யாரு ஒன்னப் பண்ணச் சொன்னா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாப்பது வருஷமா கட வச்சிருக்கேன். பத்துக்கு வரச் சொன்னா பதினொன்னரைக்கு வருவாங்க, அப்பறம் எல்லாரும் ஒண்ணா வந்து என் கழுத்த அறுப்பாங்க. இன்னிக்கு நான் வந்து தெறக்கறப்ப அத்தன பேரும் வரிசையா ஒக்காந்து டீ குடிச்சிட்டிருந்தாங்க. பதினொன்னு வரைக்கும் உள்ள அளவெல்லாம் எடுத்து முடிச்சாச்சு. மத்த கடைக்காரனுங்களும் போன் மேல போன். மறுபடி அல்ஜியர்ஸுக்கே மாத்திடு."

நுஹைலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மணி சரியாவே இருக்கட்டும். சேதிய மட்டும் இன்னிக்கு வந்த மாதிரி ஒரு மணி முன்னாடியே அனுப்பறேன். அதுக்கும் ஒரே வரிதான்."

"அப்ப நோட்டு வேணாம். இதுவே இருக்கட்டும், பெருநாளுக்கு அப்பறமும்." அவர் கையை நீட்டினார், அவள் இரண்டு கையாலும் பற்றிக் குலுக்கினாள்.

பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப இனிமே சேதி வந்து ஒரு மணி கழிச்சுப் பொறப்பட்டாப் போதும்," என்றாள் நிம்மதியாக.

மஅல்லெம் அவளைப் பார்த்தார், பிறகு நுஹைலாவைப் பார்த்தார்.

"இதுக்கு ஒன்னோட தளத்துல ஏதாச்சும் வரி இருக்காம்மா?"

"இல்ல மஅல்லெம்," என்றாள் நுஹைலா.