பச்சைக் கட்டம் போட்ட சட்டை

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு மோகனா இரண்டு டிக்கெட் எடுத்தாள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று ஜியாவுல்லா மாமாவுக்கு. மாமா அவள் அப்பாவோடு ஒரே தோல் ஷாப்பில், தோல் பதனிடும் தொழிற்சாலையில், வேலை பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரர்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் ஊரையே கிறங்கடித்த போலீஸ் படத்தைத் துடைத்துப் புதுசாக்கி மறுபடி வெளியிட்டிருந்தார்கள். கொலைகாரனைத் தேடி இன்ஸ்பெக்டர் தோல் ஷாப்புக்குள் நுழைகிற காட்சி ஆம்பூரில் அவர்கள் ஷாப்பிலேயே எடுத்தது. அதில் வரும் தொழிலாளிகள் கூட்டத்தில் அப்பா நவநீதன் நிற்கிறார். மோகனாவின் மூன்றாவது வயதில் காய்ச்சலில் போனவர். வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை. அம்மா கண்ணம்மாள் உயிரோடிருந்தவரை, கேபிளில் படம் ஓடினால், "தோ, பச்சைக் கட்டம் போட்ட சட்டை, அதான் ஒங்கப்பா" என்று காட்டுவாள். அந்த டிவியில் முகமா தெரியும்? நகமளவு மூட்டம்தான். இன்று பெரிய திரையில் அப்பா முகத்தைப் பார்த்துவிட வேண்டும், மோகனாவுக்கு வேறொன்றும் வேண்டாம்.

விளக்கு அணைந்தது. ஏசிக் குளிரில் உடம்பு லேசாகி, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கோ மிதந்தாள். சுண்ணாம்புத் தொட்டிகள் நிலா வெளிச்சத்தில் வந்தன. தொங்கும் தோல்களை விலக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் மெல்ல நடந்தார். நாற்றமே இல்லாத தோல் ஷாப். சினிமாக்காரர்கள் எதையும் அழகாக்கிவிடுவார்கள், கொலையைக்கூட.

பச்சைக் கட்டம் வந்தது. முகம் தெளிவாகத் திரும்பியது. மோகனா திரும்பிப் பார்த்தாள். அந்த வளைந்த மூக்கு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது.

"மாமா, அது நீங்களா?"

"நாந்தாம்மா. சட்டைதான் ஒங்கப்பாது. நாத்தம் ஏறிடும்னு வூட்டுச் சட்டைய வாசக் கேட்டாண்ட ஆணில மாட்டிட்டு பனியனோட வேலை பாப்போம். ஷூட்டிங்காரங்க எல்லாரும் சட்டை போடுங்கன்னு அவசரப்படுத்தினாங்க. கைக்கு வந்தத மாட்டிக்கினோம்."

பாவம் அம்மா. தான் எடுத்துக் கொடுத்த தீபாவளிச் சட்டையை நம்பி, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து அத்தனை வருடம் அழுதிருக்கிறாள்.

"அப்பா எங்க மாமா?"

"இப்ப வருவான் பாரு."

இன்ஸ்பெக்டர் ஒரு தொழிலாளியைச் சுவரோடு சாய்த்தார். பழைய பிரிண்டில் அந்தச் சுவரோரம் வெறும் இருட்டு, அறை விழும் சத்தம்தான் கேட்கும். இப்போது ஒல்லியான முகம் ஒன்று திரை முழுக்க நின்றது. மோகனாவின் நெற்றி, மோகனாவின் கண்கள். அவளையே பார்த்தன. அறை விழுந்தது. தியேட்டர் முழுக்க விசில். வீட்டு டிவி முன்னால் அவளும் எத்தனையோ தடவை கைதட்டி ரசித்த அறைதான் அது.

"மூணு வாட்டி எடுத்தாங்க. மூணு வாட்டியும் நெஜமாவே அடிச்சாங்க," என்றார் மாமா. "ஒங்கம்மாவுக்குத் தெரிய வேணாம், பேஜாராய்டும்னான் ஒங்கப்பா. அதான் ஒங்கம்மா இருந்தவரைக்கும் நான் வாயத் தொறக்கல. தலையக் குனின்னு சொன்னாங்க, குனியவே இல்ல. எம் பொண்ணு பெருசாயி பாக்கும், மூஞ்சி நல்லாத் தெரியணும்னான்."

மோகனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு கொலைகாரன் சிக்கினானா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. விளக்கு போட்டு எல்லாரும் எழுந்து போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அடுத்த ஆட்டத்துக்கும் இருக்கலாமா மாமா?" என்றாள். "அடி விழறதுக்கு முன்னாடி, அப்பா மூஞ்சி வரும்போதே நான் கைதட்டணும்."