எரிகல் மழைக்கு வைத்த பொட்டு

ஓசூர் சிறுதொழில் அதிபர் சங்கத் தலைவர் கங்கப்பன், வானம் என்று ஒன்று இருப்பதையே தொண்ணூற்றொன்பதாம் வருஷத்தில்தான் கவனித்தார். அடுத்த ஞாயிறு சங்கத் தேர்தல். எதிரே நின்ற ஸ்பிரிங் கம்பெனி சவரியப்பன் உறுப்பினர்களுக்குப் பிரியாணி போட்டுவிட்டார். பிரியாணியை மிஞ்ச ஏதாவது செய்தாக வேண்டும். அந்த வாரம் சிம்ம ராசிப் பக்கமிருந்து எரிகல் மழை பொழியும் என்று பேப்பரில் வந்தது.

ஓசூரில் ஃபேக்டரி விளக்குகளைத் தாண்டி நிலாவே மங்கல். அதனால் கல்லாவி கிராமத்துக்குப் பக்கத்துப் பாறையில் வானத்தைப் பார்த்தபடி கேமரா. சாட்டிலைட் வழியாகப் பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள கோளரங்கங்களுக்கு நேரடி ஒளிபரப்பு. உறுப்பினர்கள் பஸ்ஸில் பெங்களூர் போய், சாய்வு நாற்காலியில் மல்லாந்து கூரைத் திரையில் பார்ப்பார்கள்.

சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் ஜெயசெல்வி ஒன்றுதான் சொன்னாள்: "சார், யாரும் கேமராவைத் தொடக் கூடாது. லைட்டும் கூடாது."

கங்கப்பன் தலையாட்டினார். ஆனால் அவருடைய போல்ட் கம்பெனியில் சந்தனம், குங்குமம் வைக்காமல் ஒரு மெஷினும் ஓடியதில்லை. ஜெயசெல்வி ஒளிபரப்பு வண்டிக்குள் போனதும் இருட்டில் தடவிப் பார்த்தார். வழவழவென்று உருண்டையாக ஒரு இடம். நெற்றி இதுதான் என்று முடிவு செய்து, நடுவில் தாராளமாக வைத்தார்.

ஒளிபரப்பு தொடங்கியது. பாறைக்கு மேலே எரிகற்கள் கோடு கோடாக இறங்கின. வண்டியிலிருந்த போன் அடித்தது. பெங்களூரிலிருந்து அவர் கட்சிக்காரர் சென்னப்பன்.

"தலைவரே, நடுவானத்துல கருப்பா பூசணிக்கா மாதிரி ஒண்ணு நிக்குது. மழையக் காணோம். 'இதுக்கா தூக்கத்தக் கெடுத்தாரு'ன்னு சவரியப்பன் கேக்கறாரு. நம்மாளுங்களே சிரிக்கறாங்க."

ஜெயசெல்விக்குப் புரிந்துவிட்டது. "லென்ஸ்ல என்ன சார் பூசினீங்க? உடனே தொடைங்க!"

"ஓடற மெஷின்ல பொட்ட அழிக்கறதா? ஏம்மா, தேர்தல் நேரத்துல இப்படி அச்சானியமா பேசற?"

"அப்ப நான் தொடைக்கறேன்."

"வேண்டாம். பாவம் என்னோட போகட்டும்."

தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்தார். டார்ச்சை அடித்துக்கொண்டு குனிந்து துடைத்தார். உடனே போனில் சென்னப்பன் அலறினார். ஜெயசெல்வி ரிசீவரை வயரோடு இழுத்து வந்து கங்கப்பனின் காதில் வைத்தாள்.

"தலைவரே, நீங்க தெரியறீங்க! வானம் பூரா நீங்கதான்!"

"முழுசாவா?"

"மூக்கும் வாயும்."

"எல்லாரும் பாக்கறாங்களா?"

"மேல பாத்துதான படுத்திருக்காங்க. வேற எங்க பாப்பாங்க?"

"சார், நகருங்க!" என்று ஜெயசெல்வி கத்தினாள். வாக்காளர்கள் மொத்தமாக மல்லாந்து கிடக்கும்போது எந்தத் தலைவன் நகர்வான்? கங்கப்பன் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு தேர்தல் உரையைத் தொடங்கினார். கரண்ட் கட், ரோடு, சேல்ஸ் டாக்ஸ், எதையும் விடவில்லை.

ஒளிபரப்பில் படம் மட்டும்தான், சத்தம் கிடையாது என்பதை ஜெயசெல்வி சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் விழவில்லை. பெங்களூர்க் கோளரங்கத்தில் வர்ணனையாளரோ திரையைப் பார்க்காமல், எழுதி வைத்ததைக் கன்னடத்தில் கம்பீரமாக வாசித்துக்கொண்டிருந்தார்: "இதோ, சிங்கத்தின் வாயிலிருந்து எரிகற்கள் புறப்படுகின்றன." கங்கப்பனின் தங்கப்பல் பளிச்சிட்டது. அரங்கமே கைதட்டியது.

ஞாயிற்றுக்கிழமை சவரியப்பன் போட்டியிலிருந்து விலகிவிட்டார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து தலைவர் உரை ஒன்று உறுப்பினர்களுக்குப் பிடித்துப்போனது அதுதான் முதல் தடவையாம்; ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே.