தேவானந்தத்துக்கு நான்கு மதிப்பெண்

மெட்டில்டா மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமைதோறும் வரும் ‘புறநகர் மணி’ என்ற நான்கு பக்கப் பத்திரிகைக்காகக் கூட்டங்களுக்குப் போய்க் குறிப்பெடுத்து வருவதும் அவள்தான். அறுபத்தொன்பதில் நகரசபைத் தேர்தல் வந்தபோது, ஆசிரியர் பத்ரிநாராயணனுக்கு ஒரு யோசனை தோன்றியது. வேட்பாளர்களை வார்டு வார்டாகக் கூப்பிட்டு, ஜனங்கள் முன்னால் உட்காரவைத்து, எதைக் கேட்டால் நெளிவார்களோ அதையே கேட்பது. யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு எழுத வேண்டியது மெட்டில்டா.

மூன்றே வாரத்தில் அந்தப் பத்தி ஊர்ப் பேச்சாகிவிட்டது. “முழுங்கி முழுங்கிப் பேசினார் இல்ல, டீச்சரம்மா மூணுதான் போட்டிருக்கு” என்று ரயிலுக்கு நிற்பவர்கள் சிரித்தார்கள். பயந்தவர், மழுப்பியவர், கோபப்பட்டவர் யாரையும் அவள் விடவில்லை. யாருக்கும் பயப்படாதவள் என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துமிருந்தது.

நான்காவது வாரம் அவளுடைய அண்ணன் தேவானந்தத்தின் வார்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதிரில் நின்றவர் கேசவன். ஏரிக்கரையோரம் நிலபுலன் உள்ளவர்.

“இந்த வாரம் வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க சார். கூடப் பிறந்தவர்” என்றாள் மெட்டில்டா.

“நீங்க நேர்மையா எழுதுவீங்கன்னு ஊருக்கே தெரியும். நீங்க ஒதுங்கினாத்தான் தப்பாப் பேசுவாங்க” என்றார் பத்ரிநாராயணன்.

அவள் ஒப்புக்கொண்டாள்.

கூட்டம் ஸ்டேஷனுக்குப் பக்கத்து வாசகசாலையில், மாலை ஐந்து மணிக்கு. முதலில் கேசவன். ஏரிப் புறம்போக்கை வளைத்துப் போட்டது உண்மையா என்று பத்ரிநாராயணன் கேட்டார். கேசவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். “ஏரி எனக்கும் சொந்தமில்ல, உங்களுக்கும் சொந்தமில்ல சார். இதோ உக்காந்திருக்காங்களே, இவங்களுக்குச் சொந்தம்!” கைதட்டல் அடங்க நேரமானது. கேட்ட கேள்வி அப்படியே கிடந்தது. மெட்டில்டாவுக்கு அது தெரியும்.

அடுத்து தேவானந்தம். அவரிடமும் பத்ரிநாராயணன்தான் கேட்டார்.

“எட்டு வருஷம் முன்னாடி மழையில பள்ளிக்கூடச் சுவர் விழுந்து பேபின்னு ஒரு சின்னப் பொண்ணு செத்துப்போச்சு. அப்ப நீங்கதான் ஹெட்மாஸ்டர். என்ன சொல்றீங்க?”

தேவானந்தம் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு மின்சார ரயில் வந்து நின்று, புறப்பட்டும் போய்விட்டது. அவர் பேசவில்லை. பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“விரிசல் இருந்தது எனக்குத் தெரியும். ஜூலையிலயே பார்த்தேன். மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரலை. ரெண்டாவது எழுதியிருக்கணும். இல்லேன்னா, அந்தச் சுவரோரம் பிள்ளைங்களை உட்காரவைக்காம இருந்திருக்கணும். ரெண்டும் செய்யலை. தப்பு என்னுடையது.”

“அப்போ ஜனங்க உங்களை நம்பி எப்படி ஓட்டுப் போடுவாங்க?”

“அதை அவங்கதான் சொல்லணும்.”

யாரும் கைதட்டவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது மெட்டில்டாவின் கை ஓடவில்லை. கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர் அண்ணன்தான் என்று மனதில் பட்டதை எழுதினால், அண்ணனைத் தூக்கிவிட்டாள் என்பார்கள். அவர் ஒப்புக்கொண்டதை அப்படியே அச்சடித்தால் அவருக்கே கெடுதல் என்றும் தோன்றியது. கடைசியில், ‘முக்கியமான கேள்விக்கு நெடுநேரம் வாயடைத்துப்போனார், பிறகு தட்டுத்தடுமாறினார்’ என்று எழுதி நான்கு போட்டாள். கேசவனுக்கு ஏழு. வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும், “சொந்த அண்ணன்னுகூடப் பார்க்கலையே!” என்று இன்ஸ்டிட்யூட் முதலாளி வியந்தார். அவளுக்கு உள்ளே என்னவோ கசந்தது.

சனிக்கிழமை ஒரு அம்மாள் அவளைத் தேடிக்கொண்டு இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தாள். வயல் வேலை செய்து காய்த்த கைகள். செம்பாக்கத்துப் பச்சையம்மா, பேபியின் தாய்.

“பேப்பர்ல இன்னாம்மா எய்திக்கீறே? அவரு வாயடைச்சிப் பூட்டாருன்னு படிச்சிக் காட்னாங்க. நானும் அங்கதான் பின்னாடி நின்னுகினு இருந்தேன். எட்டு வருசமா மய மேல பழி போட்டாங்க, சாமி மேல பழி போட்டாங்க. ‘எம்மேலதான் தப்பு’ன்னு அவரு ஒர்த்தருதான் சொன்னாரு. அத்த ஏன் போடல?”

மெட்டில்டா எழுந்து அவளுக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

“அவரு சொன்னது உங்கிட்ட எயுத்துல கீதா?”

“இருக்கு.”

“படி.”

மெட்டில்டா சுருக்கெழுத்து நோட்டை எடுத்துப் படித்தாள். பச்சையம்மா தலை குனிந்து கேட்டாள்.

“இன்னொரு தபா படி.”

மறுபடி படித்தாள். பச்சையம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மெட்டில்டா நேராக அச்சகத்துக்கு ஓடினாள்; அண்ணன் சொன்னதை உடனே போட வேண்டும் என்றாள். திங்கட்கிழமை ஓட்டு. “அடுத்த இதழ் வியாழக்கிழமைதானேம்மா, இப்ப நான் என்ன பண்ணட்டும்?” என்று பத்ரிநாராயணன் கையை விரித்தார். தேவானந்தம் அறுபத்துமூன்று ஓட்டில் தோற்றார். கேசவனுக்கு மாலை மரியாதைகள் நடந்த வியாழனன்று, தேவானந்தம் சொன்னது முழுவதும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வந்தது. அதைப் படித்ததாக யாரும் அவளிடம் சொல்லவில்லை. மதிப்பெண் போட்டு அதற்குப் பிறகு அவள் எதையும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி பியூலா காபியை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“என்னாலதாண்ணா தோத்துப்போனீங்க.”

“அறுபத்துமூணு பேரும் உன் பேப்பரைப் படிச்சவங்களா என்ன?” என்றார் தேவானந்தம். சிரிக்க முயன்றார். “நீ எழுதினது தப்பில்ல மெட்டில்டா. வாயடைச்சுப்போனவன்தான் நான். அந்த ஒரு பதில் சொல்ல எட்டு வருஷம் ஆச்சு. ஒருத்தர் உட்காரவைச்சுக் கேட்டதுக்கு அப்புறம்தானே சொன்னேன்? நானாப் போய்ச் சொல்லலையே.”

“அந்த அம்மா வந்தாங்கண்ணா. பச்சையம்மா. நீங்க சொன்னதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. ரெண்டு தடவை.”

அவர் நிமிர்ந்தார். காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“மன்னிச்சேன்னு சொன்னாங்களா?”

சொன்னார்கள் என்ற பொய் ஒரு கணம் அவள் நாக்கு நுனிவரை வந்தது.

“சொல்லலண்ணா.”

“சரி” என்றார் தேவானந்தம். “எப்படிச் சொல்வாங்க?”

பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். ஐம்பத்தொன்பது வயது மனிதர், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். சத்தம் கேட்டு வந்த பியூலா வாசற்படியில் நின்று கணவனைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், பிறகு வந்து மெட்டில்டாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.