செருப்பைக் கழற்றச் சொன்னவர்

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் செங்கோடனுக்கு ஆள் சேர்த்துவிடுவதில் கைராசி உண்டு. சிலோனிலிருந்து கப்பலேறி வந்து மண்டபம் முகாமில் கிடந்த முப்பத்தெட்டுக் குடும்பங்களை, நாலே வருஷத்தில் ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் குடியேற்றியவர் அவர். அவர் கூட்டிவந்த ஆளை எந்தத் துரையும் வேண்டாமென்று சொன்னதில்லை. அதில் அவருக்குப் பெருமை கொஞ்சம் தூக்கல்தான். இருக்கட்டுமே, நாலு வயிற்றை நிறைத்தவன் மீசையை முறுக்கினால் என்ன குறைந்துவிடப் போகிறது!

எழுபத்தைந்தாம் வருஷம் கார்த்திகையில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஒரு நர்ஸ் தேவைப்பட்டது. சேலத்திலிருந்து மலையேற ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. செங்கோடன் முகாமுக்குக் கடிதம் போட்டுத் தேவகுமாரியை வரவழைத்தார். சிலோனில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் பிரசவம் பார்த்தவள். புருஷன் இல்லை, பிள்ளைகள் இரண்டு. மாசக் கடைசிக்குள் முகாமைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ஆபீஸ் வாசலில் செங்கோடன் அவளை நிறுத்தினார்.

"செருப்பக் கழட்டி வெச்சுருங்கம்மா. கையக் கட்டிக்குங்க. துரை என்ன கேட்டாலும், எந்த வேல குடுத்தாலும் செய்யறேனுங்கன்னு சொல்லுங்க. அது போதும்."

எல்லாருக்கும் அவர் சொல்லிக்கொடுப்பது அதுதான். ஒருமுறையும் பிசகியதில்லை. தேவகுமாரி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

உள்ளே மேனேஜர் துரை உட்காரச் சொன்னார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். செங்கோடன் கண்ணைக் காட்ட, சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே ஒப்பித்தாள்.

துரை பேனாவை மூடினார். "நர்ஸுக்கு வேற ஆள் பாப்போம், ரைட்டர். இந்தம்மாவ நாளையிலிருந்து பழம் பறிக்க அனுப்புங்க. கூலி லைன்ல ஒரு வீடு குடுத்துருங்க."

வெளியே வந்ததும் செங்கோடனுக்குச் சந்தோஷம் தாளவில்லை. "பாத்தீங்களா, வேலயும் ஊடும் கெடச்சுருச்சு!"

தேவகுமாரி குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். "அண்ணே, நான் கூடை கேட்டு வரல்லியே. என்னைப் பேச விட்டிருக்கலாமே."

செங்கோடனுக்குச் சுருக்கென்றது. கூலிக்கு வருகிறவர்களுக்குச் சொல்லும் புத்தியை இவளுக்கும் சொல்லி, குடியைக் கெடுத்தோமே என்று நினைத்தார். தோட்டத்து ஆட்களுக்கு வேலை கேட்க வேறு வழி உண்டு என்பதே அதுவரை அவருக்குத் தோன்றியதில்லை.

"வாங்கம்மா. செருப்போடவே வாங்க."

மறுபடி உள்ளே நுழைந்ததும் துரை நிமிர்ந்து பார்த்தார். "தப்பு என்னுதுங்க. எந்த வேல குடுத்தாலும் செய்யறேன்னு மட்டும் சொல்லச் சொன்னது நாந்தானுங்க. இவங்க நொம்பப் பெரிய வேல பாத்தவங்க. இன்னொருக்காக் கேளுங்க, துரை."

தேவகுமாரி இந்த முறை உட்கார்ந்தாள்.

"குழந்தை தலைக்குப் பதிலா கால் முன்னால வந்தா என்ன பண்ணுவீங்க?" துரை கேட்டார்.

"இழுக்க மாட்டேன். தொப்புள் வரைக்கும் தானா வர விடுவேன். அவசரப்பட்டு இழுத்தா தலை மாட்டிக்கும்."

கால்மணி நேரம் கேள்வி போயிற்று. இங்கே நர்ஸாகப் பதிவு ஆகும்வரை ஏற்காடு டாக்டரின் பார்வையில் வேலை பார்க்கட்டும் என்று துரை கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போது தேவகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும், அண்ணே." இரண்டடி போய்த் திரும்பினாள். "நீங்க கூட்டி வந்த மத்தவங்க சிலோன்ல என்ன வேலை செஞ்சாங்கன்னு கேட்டிருக்கீங்களா?"

செங்கோடன் நேரே காப்பிக் காட்டுக்குள் நடந்தார். முதல் வருஷம் அவர் சேர்த்துவிட்ட வேலுசாமி, சரிவில் பழம் பறித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க வேலுசாமி, சிலோன்ல என்ன வேல பாத்தீங்க?"

வேலுசாமி பிடித்திருந்த கிளையை விட்டான். கறை படிந்த விரல்களை வேட்டியில் துடைத்தான்.

"வாத்தியாருங்க. ஏழாங்கிளாசுக்குக் கணக்கு." மறுபடி கிளையை வளைத்துப் பிடித்தான். "நீங்க கேப்பீங்கன்னு மொதல் ஒரு வருஷம் காத்துக்கிட்டு இருந்தேனுங்க."